கத்துக்கிட்டது கத்துக்கிட்ட இடத்துலயே நின்னுடுதா? கூடவே கூட்டிட்டு வர்ற வழி

"வீட்ல கேட்டப்ப கடகடன்னு சொன்னான், ஹால்ல போய் உக்காந்ததும் ஒண்ணுமே வரலயாம்." இந்த புலம்பல கேக்காத டீச்சரோ பெத்தவங்களோ இருக்க மாட்டாங்க. இதுக்கு மறுபக்கமும் ஒண்ணு இருக்கு, பேப்பர்ல நூத்துக்கு தொண்ணூறு வாங்கிட்டு வேலைக்கு சேந்த முதல் நாள் திருதிருன்னு முழிக்கிறது. ரெண்டும் ஒரே வியாதிதான். நம்ம மூளை ஒரு விஷயத்த மட்டும் தனியா எடுத்து டப்பால போட்டு மூடி வைக்கிறதில்ல, கத்துக்கிட்ட இடம், கேள்வி கேட்ட விதம், பக்கத்துல இருந்த ஆளு, கையில இருந்த பொருளு எல்லாத்தையும் சேத்து ஒரே முடிச்சா போட்டு வைக்குது, அப்புறம் அதுல எதுவுமே இல்லாத ஒரு இடத்துல போய் நின்னுக்கிட்டு வா வான்னு கூப்பிட்டா எங்கேருந்து வரும்.

வேலைக்கு புதுசா வர்றவங்களுக்கு ட்ரெய்னிங் எடுக்கிறது என் பொழப்பு. ஒரே பேட்ச்ல இருபது வயசு டிகிரி பையனும் இருப்பான், ஸ்கூல பாதியில விட்ட ஐம்பது வயசுக்காரரும் இருப்பார், நான் பேசுற மொழிய அரைகுறையா புரிஞ்சுக்கிறவங்களும் இருப்பாங்க. ஆரம்பத்துல ஒருதடவ பர்சன்டேஜ் கணக்கு ஷீட் ஒண்ணு குடுத்தேன், "240ல 12.5 சதவீதம் எவ்வளவு"ன்னு. ஒரு பெரியவர் அப்படியே வெத்து பேப்பரா திருப்பிக் குடுத்தார், நானும் சைபர் போட்டுட்டேன். ப்ரேக்ல அவரே தகடு வெட்டி விழுந்த துண்டுகள கால்ல தள்ளிக்கிட்டே "இந்த டிசைன்ல எட்டுல ஒரு பங்கு வீணாகுது சார், 240 கிலோ போட்டா 30 கிலோ போச்சு"ன்னார். அதே கணக்கு, அதே நம்பர். எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல.

அப்புறம் தேடிப் பாத்தா இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்ல. பிரேசில்ல ரெசிஃபி நகரத்துல தெருவுல வியாபாரம் பண்ற அஞ்சு பிள்ளைங்க கிட்ட கராஹர், ஷ்லீமான்னு ஆராய்ச்சியாளர்கள் 1985ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. வாங்குறவங்க மாதிரி போய் கணக்கு கேட்டப்ப பிள்ளைங்க 98 சதவீதம் சரியா சொல்லியிருக்காங்க, அதே கணக்க கதை மாதிரி கேள்வியா கேட்டப்ப 74, வெறும் எண்ணா பேப்பர்ல குடுத்தப்ப 37தான். ஒரு 12 வயசு பையன் கிட்ட ஒரு தேங்கா 35ன்னா பத்து தேங்கா எவ்வளவுன்னா, மூணு 105, இன்னொரு மூணு சேத்தா 210ன்னு மூணு மூணா கூட்டிக்கிட்டே போய் 350ன்னு நிக்கிறான். ஒரு பிள்ளைக்கிட்ட பேப்பர்ல 35ஐ 4ஆல பெருக்கச் சொன்னா 200ன்னு விடை வருது, எப்படின்னா நாலஞ்சு இருவது, மிச்சம் ரெண்ட மூணோட முதல்லயே கூட்டி அஞ்சாக்கி, அதையும் நாலால பெருக்கிட்டான். நாலு தேங்காய்க்கு இவ்வளவு கேட்டிருந்தா வாங்குறவங்க சும்மா விட்டிருப்பாங்களா, அவனுக்கே இடிச்சிருக்கும். பேப்பர்ல இடிக்கல, ஏன்னா அங்க தேங்காயே இல்ல.

சரி, இத வச்சு என்ன பண்ணலாம்னு பாப்போம். நீங்க படிக்கிறவங்களா இருந்தாலும் சொல்லிக் குடுக்கிறவங்களா இருந்தாலும் இது உதவும்.

முதல்ல, இது எங்க தேவைப்படப் போகுதுன்னு கேளுங்க

புக்க தொறக்கிறதுக்கு முன்னாடியே கேக்க வேண்டிய கேள்வி இது, ஆனா முக்காவாசி பேர் கேக்குறதே இல்ல. எழுதுற பரிட்சையா, வாயால பதில் சொல்ற இன்டர்வியூவா, கையால செய்யுற வேலையா, நாலு பேருக்கு முன்னாடி நின்னு விளக்கணுமா? எந்த வடிவத்துல வெளிய வரணுமோ அந்த வடிவத்துல கொஞ்சமாவது பழகியிருக்கணும். இன்டர்வியூக்கு தயாராகுறேன்னு பத்து நாளும் மனசுக்குள்ளயே படிச்சிட்டு போனா வாய தொறக்கும்போது வார்த்தை தடுக்கும், ஏன்னா அந்த வார்த்தைகள் அதுவரைக்கும் உங்க வாய்க்குள்ள வந்ததே கிடையாது. எழுதுற எக்ஸாம்னா நேரம் வச்சு எழுதிப் பாக்கணும்.

இடத்த பத்தியும் ஒரு வார்த்தை. 1975ல காடன், பேட்லின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கடல்ல மூழ்குற டைவர்களுக்கு வார்த்தை லிஸ்ட் குடுத்தாங்க, தண்ணிக்குள்ள கேட்டது தண்ணிக்குள்ளயும் கரையில கேட்டது கரையிலயும்தான் நல்லா ஞாபகம் வந்துச்சுன்னாங்க. ரொம்ப பிரபலமான சோதனை, ஆனா 2021ல திருப்பி செஞ்சு பாத்தப்ப அந்த முடிவு கிடைக்கல, அதனால எக்ஸாம் ஹால் மாதிரியே ரூம செட் பண்ணணும்னு யாராச்சும் சொன்னா சிரிச்சிட்டு போயிடுங்க. அதவிட சுலபமான வழி இடத்த மாத்தி மாத்தி படிக்கிறது. 1978ல ஸ்மித், க்ளென்பெர்க், பியார்க் மூணு பேரும் பண்ண சோதனையில ஒரே லிஸ்ட்ட ரெண்டு வேற ரூம்ல படிச்சவங்களுக்கு ஒரே ரூம்ல ரெண்டு தடவ படிச்சவங்களவிட அதிகமா ஞாபகம் இருந்துச்சு. ஒரே மேஜை, ஒரே லைட், ஒரே நேரம்னு சென்டிமென்ட் பாக்காம ஒரு நாள் மேஜை, ஒரு நாள் மொட்டமாடி, ஒரு நாள் லைப்ரரின்னு போங்க, அப்பதான் அது ஒரு இடத்தோட ஒட்டிக்காது.

புக்க மூடுறதுதான் படிப்பு

இதத்தான் நான் ரொம்ப லேட்டா புரிஞ்சுக்கிட்டேன். காலேஜ்ல என் புக்க பாத்தா மஞ்ச, பச்ச, பிங்க்னு ஹைலைட்டர்ல பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கும், ஒரு பேராவ நாலு தடவ வாசிப்பேன், நாலாவது தடவ கண்ணு வழுக்கிட்டு போகும், அந்த வழுக்கலதான் 'ஆஹா தெரிஞ்சிடுச்சு'ன்னு நினைச்சுக்கிட்டேன். பாத்தது பழகிடுச்சு, அவ்வளவுதான், பாக்காம சொல்லத் தெரியுமாங்கிறது வேற விஷயம்.

ரோடிகரும் கார்பிக்கியும் 2006ல இத அளந்து காட்டினாங்க. ஒரு கட்டுரைய ஒரு குரூப் ரெண்டு தடவ வாசிச்சுது, இன்னொரு குரூப் ஒரு தடவ வாசிச்சிட்டு மூடி வச்சு ஞாபகத்துலேருந்து எழுதுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா ரெண்டு தடவ வாசிச்சவங்கதான் முன்னாடி, 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழிச்சு வச்சா தலைகீழ், வாசிச்சவங்க 42, எழுதிப் பாத்தவங்க 56. முதல் நாள் ராத்திரி திருப்பித் திருப்பி வாசிச்சு பாஸ் ஆகிடறதும், அடுத்த செமஸ்டர்ல அதே விஷயம் வந்தா 'இத நம்ம படிச்சோமா'ன்னு கேக்குறதும் ஏன்னு இப்ப புரியுதா?

நான் இப்ப பண்றத அப்படியே சொல்றேன். ஒரு சாப்டர்ல அஞ்சாறு பக்கம் வாசிப்பேன், மூடிடுவேன். வெள்ளை பேப்பர் ஒண்ணு எடுத்து ஞாபகம் இருக்கிறத எல்லாம் கிறுக்குவேன், வரிசை கிடையாது, கையெழுத்து கேவலமா இருக்கும். ரெண்டு நிமிஷத்துல வறண்டு போயிடும், அங்கதான் புக்க தொறக்க கை அரிக்கும், தொறக்கக் கூடாது, இன்னும் ஒரு மூணு நிமிஷம் மண்டைய சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா 'ஆங், அந்த படத்துக்கு கீழ ஒண்ணு இருந்துச்சே'ன்னு ரெண்டு விஷயம் வரும். அப்புறம் புக்க தொறந்து, விட்டுப்போனத வேற கலர் பேனாவால அதே பேப்பர்ல எழுதுவேன். அடுத்த தடவ படிக்க வேண்டியது அந்த ரெண்டாவது கலர மட்டும்தான். தப்பா எழுதினத திருத்தாம விட்டா தப்பே பதிஞ்சிடும், அதனால இந்த கடைசி ஸ்டெப்ப மட்டும் சோம்பேறித்தனத்துல விட்டுடாதீங்க.

சொல்லிக் குடுக்கிறவங்க 'எல்லாருக்கும் புரிஞ்சுதா?'ன்னு கேக்குறத நிப்பாட்டுங்க. எல்லாரும் தலையாட்டுவாங்க, நம்ம மனசும் குளிரும், ஆனா ஒண்ணும் தெரியவராது. 'பேப்பர எடுங்க, இப்ப சொன்னதுல மூணு விஷயம் எழுதுங்க, மார்க் கிடையாது'ன்னு சொல்லுங்க. மார்க் கிடையாதுன்னு சொல்றது முக்கியம், பயத்துல உக்காந்தவனுக்கு பாதி மூளை பயத்துக்கே போயிடும்.

இடைவெளி விடுங்க, கலந்து போடுங்க

மறதி கணக்க முதல்ல ஒழுங்கா அளந்தது ஜெர்மன்காரர் எப்பிங்ஹவுஸ், 1885ல. அர்த்தமில்லாத அசைகள தானே மனப்பாடம் பண்ணி தன்னையே சோதிச்சுக்கிட்டார் மனுஷன், எவ்வளவு பொறுமை பாருங்க. முதல் ஒரு மணி நேரத்துலயே பாதிக்கு மேல கழண்டுக்குது, அப்புறம் சரிவு மெதுவாகிடுதுன்னு கண்டுபிடிச்சார். ஒரே நாள்ல நாலு மணி நேரம் படிக்கிறதவிட நாலு நாள்ல ஒரு ஒரு மணி நேரமா படிச்சா அதிகம் தங்கும். எவ்வளவு இடைவெளின்னா, எவ்வளவு நாள் ஞாபகம் இருக்கணுமோ அதுல பத்துல ஒரு பங்குலேருந்து அஞ்சுல ஒரு பங்குன்னு தோராயமா வச்சுக்கலாம், மாசக் கடைசி எக்ஸாம்னா மூணு நாள்லேருந்து ஆறு நாளைக்கு ஒருக்கா. கறாரா பிடிச்சுக்க வேணாம், கொஞ்சம் மறக்க ஆரம்பிச்சப்புறம் திரும்பப் போங்க, அவ்வளவுதான். திரும்பப் போறப்ப கஷ்டமா இருந்தா 'அய்யோ மறந்துட்டேனே'ன்னு நொந்துக்காதீங்க, அந்த கஷ்டம்தான் வேலை செய்யுது.

கலந்து போடுறது இன்னும் சுவாரசியம். ரோரரும் டெய்லரும் 2007ல நாலு விதமான வடிவங்களுக்கு கன அளவு கண்டுபிடிக்க சொல்லிக் குடுத்தாங்க. ஒரு குரூப்புக்கு ஒரு வகை முடிஞ்சப்புறம் அடுத்த வகைன்னு வரிசையா, இன்னொரு குரூப்புக்கு நாலையும் கலைச்சுப் போட்டு. பயிற்சி நடக்கும்போது வரிசை குரூப் 89 சதவீதம், கலவை குரூப் 60தான். வாத்தியாரா இருந்தா நீங்க எத தேர்ந்தெடுப்பீங்க? ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட்ல வரிசை குரூப் 20, கலவை குரூப் 63. காரணம் சிம்பிள். வரிசையா செய்யும்போது எந்த ஃபார்முலான்னு யோசிக்கவே வேணாம், தலைப்புலயே இருக்கு. வெளி உலகத்துல எந்த பிரச்சினையும் தலைப்போட வராது. அதனால பாடப் புத்தகத்துல ஒரு பயிற்சிய முழுசா முடிக்கிற பழக்கத்த விட்டுட்டு, இந்த பாடத்துலேருந்து நாலு, போன மாச பாடத்துலேருந்து ரெண்டு, அதுக்கு முன்னாடி பாடத்துலேருந்து ஒண்ணுன்னு பொறுக்கிப் போடுங்க. புத்தம் புதுசா ஒண்ணு கத்துக்கும்போது மட்டும் முதல் ரெண்டு மூணு ஒரே மாதிரி இருந்தா தப்பில்ல.

ஒரு ரூம்ல பல விதமான ஆளுங்க இருந்தா

முதல்ல ஒரு குப்பைய வெளிய போட்டுடுவோம். 'நீ கண்ணால கத்துக்கிற டைப், நீ காதால கத்துக்கிற டைப்'ன்னு பிரிச்சு அதுக்கேத்த மாதிரி பாடம் நடத்தணும்னு இன்னும் ட்ரெய்னிங்கள்ல சொல்றாங்க. பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியார்க் நாலு பேரும் 2008ல இருக்கிற ஆய்வுகள எல்லாம் அலசிட்டு, அப்படி பிரிச்சு நடத்துறதுக்கு போதுமான ஆதாரம் இல்லன்னு எழுதிட்டாங்க. ஒருத்தருக்கு படம் பிடிக்கும், ஒருத்தருக்கு கேக்க பிடிக்கும், அது உண்மைதான், ஆனா பிடிக்கிறதும் கத்துக்கிறதும் ஒண்ணு இல்ல. மேப்ப எல்லாரும் கண்ணாலதான் கத்துக்கணும், உச்சரிப்ப எல்லாரும் காதாலதான்.

ஆளுக்கு ஆள் நிஜமாவே மாறுறது முன்னாடியே என்ன தெரியும்ங்கிறதுதான். புதுசா வர்றவங்களுக்கு முழுசா செஞ்சு காட்டின உதாரணம் வேணும், ஒவ்வொரு ஸ்டெப்பா, ஏன்னா புது விஷயத்த ஒரே நேரத்துல மனசுல பிடிச்சு வச்சுக்கிறதுக்கு நமக்கு இருக்கிறது நாலஞ்சு கொக்கிதான். கொஞ்சம் தேறினவங்களுக்கு அதே விளக்கம் இடைஞ்சலாயிடும், தெரிஞ்சதையே திரும்பக் கேட்டு குழம்பிப் போவாங்க. அதனால நான் ஒரே கணக்க மூணு விதமா கொண்டு போவேன், முழுசா செஞ்சது ஒண்ணு, கடைசி ரெண்டு ஸ்டெப் காலியா விட்டது ஒண்ணு, கேள்வி மட்டும் ஒண்ணு, யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கட்டும். யாரையும் நீ இந்த லெவல்னு முத்திரை குத்த வேண்டியதில்ல, அவங்களே ரெண்டாவது வாரத்துல பேப்பர மாத்திக்குவாங்க.

பின்னாடிலேருந்து ஆரம்பிக்கிறதும் நல்ல உத்தி. ஜீன் லேவ்னு ஒரு மானிடவியலாளர் மேற்கு ஆப்பிரிக்காவுல லைபீரியாங்கிற நாட்டுல 'வாய்'ங்கிற இனத்து தையல்காரங்க கிட்ட வேலை பழகுறவங்கள கவனிச்சார். அங்க புதுப் பையனுக்கு முதல்ல துணி வெட்டக் குடுக்க மாட்டாங்க, பட்டன் தைக்கிறது, ஓரம் மடிச்சு அடிக்கிறதுன்னு கடைசி கட்ட வேலையில ஆரம்பிப்பான், அப்புறம் தையல், கடைசியிலதான் வெட்டு. பட்டன்ல தப்பு பண்ணா பிரிச்சு தைக்கலாம், வெட்டுல பண்ணா துணியே போச்சு. அதோட முதல் நாள்லேருந்தே முழு உடுப்பு எப்படி இருக்கும்னு கையில பிடிச்சுப் பாக்குறான். வகுப்புல நாம நேரெதிரா பண்றோம், மூணு மாசம் அடிப்படை அடிப்படைன்னு எதுக்குன்னே தெரியாம ஓட்டிட்டு கடைசியில பொருளக் காட்டுறோம்.

மொழி இன்னொரு பெரிய பொறி. புது மொழியில ஒரு பிள்ளை ரெண்டு வருஷத்துல விளையாட்டுல, பேச்சுல சரளமாயிடும், ஆனா பாடப்புத்தக மொழி, 'ஒப்பிடுக', 'காரணம் கூறுக', 'அனுமானிக்க' மாதிரி மொழி, அதுல கூட படிக்கிறவங்களுக்கு சமமா வர அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகலாம்னு ஜிம் கம்மின்ஸ்ங்கிற மொழிக் கல்வி ஆராய்ச்சியாளர் ரொம்ப நாளைக்கு முன்னாடியே சொல்லிட்டார். நல்லாதானே பேசுறான், பரிட்சையில ஏன் எழுத மாட்டேங்குறான், சோம்பேறின்னு முடிவு கட்டிடுறோம். அவங்க சொந்த மொழியில முதல்ல யோசிச்சு, பக்கத்துல இருக்கிறவங்களோட பேசி, அப்புறம் எழுதட்டும். நான் க்ளாஸ்ல 'என் மொழியில மட்டும்தான் பேசணும்'ங்கிற ரூல தூக்கினதுக்கப்புறம் சத்தம் அதிகமாச்சு, பேப்பர்ல விடையும் அதிகமாச்சு.

கேள்வி கேக்குறதே ஒரு தனிப் பழக்கம்ங்கிறதையும் மறந்துடக் கூடாது. 1930கள்ல லூரியாங்கிற ரஷ்ய உளவியலாளர் உஸ்பெகிஸ்தான்ல பள்ளிக்கூடம் போகாத விவசாயிங்க கிட்ட கேட்டார், தூர வடக்குல பனி இருக்கிற இடத்துல கரடி எல்லாம் வெள்ளை, நோவாயா ஜெம்லியா தூர வடக்குல இருக்கு, அங்க கரடி என்ன நிறம்னு. ஒருத்தர் சொன்ன பதில், நான் கறுப்புக் கரடிதான் பாத்திருக்கேன், வேற பாத்ததில்லங்கிற மாதிரி. இத அறிவு குறைச்சல்னு எடுத்துக்கிட்டா நமக்குத்தான் அறிவு குறைச்சல், பாக்காதத பத்தி உறுதியா பேசாத நேர்மையான மனுஷன் அவர். பதில் கேள்விக்குள்ளயே இருக்கு, வெளி உலகத்த கொண்டு வரக் கூடாதுங்கிறது பள்ளிக்கூடத்து விளையாட்டு, அந்த விளையாட்டோட ரூல யாராச்சும் சொல்லிக் குடுத்தாதானே தெரியும். அதனால புதுசா வர்றவங்களுக்கு பாடத்தோட சேத்து கேள்வியையும் சொல்லிக் குடுங்க, இந்த மாதிரி கேட்டா என்ன எதிர்பாக்குறாங்கன்னு வெளிப்படையா.

கத்துக்கிட்டத வேற இடத்துக்கு கொண்டு போறது

கத்துக்கிட்டத தானா வேற இடத்துக்கு கொண்டு போயிடுவாங்கன்னு நம்பாதீங்க. 1980ல கிக், ஹோலியோக் ரெண்டு பேரும் ஒரு கதை சொன்னாங்க, கோட்டைய பிடிக்க தளபதி படைய சின்னச் சின்னதா பிரிச்சு பல வழியா அனுப்பி ஒரே நேரத்துல சேர வைக்கிறான். அப்புறம் ஒரு கேள்வி, வயித்துல கட்டி, அத அழிக்க பலமான கதிர்வீச்சு விட்டா வழியில நல்ல சதையும் போயிடும், பலவீனமா விட்டா கட்டி சாகாது, என்ன பண்ணலாம்? கதைய இப்பதான் கேட்டிருந்தாலும் பெரும்பாலானவங்களுக்கு தோணல. அந்த கதை உதவும்னு ஒரு வார்த்தை சொன்னதும் பெரும்பாலானவங்க பிடிச்சிட்டாங்க, பல பக்கத்துலேருந்து பலவீனமான கதிர்கள கட்டியில சேர வைக்கலாம்னு. அந்த ஒரு வார்த்தைய சொல்றதுதான் நம்ம வேலை. ஒரே உதாரணத்தோட நிறுத்தாம வேற வேற உடுப்பு போட்ட ரெண்டு உதாரணத்த பக்கத்துல பக்கத்துல வச்சு, இதுல ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு அவங்க வாயாலயே சொல்ல வையுங்க. தனியா படிக்கிறீங்கன்னா நோட்டுல ஒவ்வொரு பாடத்துக்கு கீழயும் 'இது வேற எங்க வரும்?'னு ஒரு வரி எழுதுங்க, பாதி நாள் ஒண்ணும் தோணாது, பரவால்ல, காலியா விட்டுட்டு அடுத்த வாரம் திரும்ப பாருங்க.

தகடு வெட்டுற பெரியவர் விஷயத்துல நான் இதத்தான் பண்ணேன். அடுத்த வாரம் பேப்பர முதல்ல குடுக்காம கழிவுத் துண்டு ஒரு கூடை கொண்டு வந்து மேஜையில கொட்டி, எவ்வளவு வீணாச்சுன்னு பேச விட்டேன், அவர்தான் அன்னைக்கு வாத்தியார். அப்புறம் அவர் சொன்ன 'எட்டுல ஒண்ணு'க்கு பக்கத்துல போர்டுல 12.5ன்னு எழுதினேன், அவர் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தார், இதுவா அதுன்னு ஒரு பார்வை. மூணு வாரம் கழிச்சு டெஸ்ட்ல 560க்கு 12.5 சதவீதம் கேட்டிருந்துச்சு, பேப்பர் ஓரத்துல ஒரு சதுரம் வரைஞ்சு, எட்டா கோடு போட்டு, ஒரு கட்டத்துக்கு மட்டும் பென்சில்ல நிழல் அடிச்சு, அப்புறம் 70ன்னு எழுதியிருந்தார். ஸ்டெப் எழுதலன்னா ஒரு மார்க் குறைக்கணும்னு ஆன்சர் கீல இருந்துச்சு. நான் குறைக்கல.